உப்புத் தண்ணியும் ஒரு பால் கவரும்

எங்கள் வீட்டு ஷவரில் மொத்தம் 48 துளைகள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் குளிக்கும்போது எண்ணிப் பார்த்தேன். தண்ணீர் வந்தது 19 துளைகளில் மட்டும். அந்த 19-லும் நாலைந்து, தலையில் விழாமல் பக்கவாட்டில் பீய்ச்சிச் சுவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தன. முப்பத்திரண்டு வருடம் மில்லில் கணக்கெழுதியவன் நான், கண்ணில் பட்டதை எண்ணாமல் இருக்க வராது. மிச்சம் 29 துளைகளை அடைத்துக்கொண்டது எது என்று கேட்டால் கோயமுத்தூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். உப்பு.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று சிறுவாணி. குடிக்க, சமைக்க. அதன் ருசியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர் யாரிடமாவது வாய் கொடுத்தால் நீங்கள் போக வேண்டிய பஸ் போய்விடும், அதனால் இங்கே வேண்டாம். இன்னொன்று போர் தண்ணீர். பேச்சில் அது எப்போதும் 'உப்புத் தண்ணி'தான். குளிப்பது, துவைப்பது, கழுவுவது எல்லாம் அதில். ஆர்.ஓ. மெஷின் சர்வீஸுக்கு வந்த பையன், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் பேனா மாதிரி ஒரு மீட்டரை இரண்டு டம்ளரிலும் விட்டுக் காட்டினான். சிறுவாணிக்கு 50-ஐத் தொடவில்லை. போர் தண்ணீருக்கு 1,480. குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர்தான் உப்பு, சுவரில் ஒட்டிக் கல்லாவது குழம்பில் போடும் உப்பல்ல, கால்சியமும் மக்னீசியமும்தான். தண்ணீர் காய்ந்துவிடும், அவை காயாது. டைல்ஸில் முதலில் வெள்ளைப் புள்ளி, அப்புறம் வரி, அப்புறம் நகத்தால் சுரண்டினாலும் வராத ஒரு தோல்.

முன்பெல்லாம் இதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை, வேலைக்கு வரும் அம்மா ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டுப் போவார். தெருவில் சைக்கிளில் வந்து விற்பவரிடம் வாங்கியது, பழைய தண்ணீர் பாட்டிலில் அடைத்த மஞ்சள் திரவம். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். சுர்ரென்று ஒரு சத்தம், மூக்கை அரிக்கும் ஒரு நெடி, கால் மணி நேரத்தில் சுவர் பளிச். என் நோட்டில் அது மாதம் ஐம்பது ரூபாய்ச் செலவு, அவ்வளவுதான். அந்த அம்மாவின் விரல் நகங்கள் ஏன் அப்படி மஞ்சளித்துத் தடித்திருக்கின்றன என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை.

2021 ஊரடங்கில் அவரால் வர முடியவில்லை. நான்காவது வாரம் பாத்ரூமைப் பார்க்கச் சகிக்காமல் நானே இறங்கினேன். ஆசிட்டை ஊற்றித் தேய்த்தேன். மூலையில் ஒரு கறை போகவில்லை. பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடர் டப்பா இருந்தது. இரண்டும் தனித்தனியே நன்றாகச் சுத்தம் செய்கிறதே, சேர்ந்தால் இன்னும் நன்றாகச் செய்யும் என்று கணக்குப் போட்டு, ஆசிட் ஈரத்தின் மேலேயே இரண்டு கைப்பிடி தூவினேன்.

பச்சையும் மஞ்சளுமாக ஒரு மூட்டம் தரையிலிருந்து எழுந்தது. நெஞ்சுக்குள் யாரோ மிளகாய்ப் பொடியைக் கொட்டியது மாதிரி இருந்தது. அடுத்த அறையில் என் மனைவி. அவளுக்கு வீசிங் உண்டு. நான் இருமிக்கொண்டே வெளியே ஓடி வருவதற்குள் அவள் இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மூச்சு கொஞ்சம் திரும்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங், என்னத்தக் கலக்கித் தொலைச்சீங்க?"

கலந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிளீச்சிங் பவுடரும். வந்தது குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களாவது திறந்தவெளியில் செய்தார்கள். நான் ஐந்துக்கு ஏழு அடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. வினிகரோடு பிளீச் சேர்ந்தாலும் இதே கதைதான், அதனால் 'இயற்கை' என்ற பெயரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

அன்றோடு எங்கள் வீட்டில் ஆசிட்டுக்குத் தடை. மனைவி போட்ட தடை, அப்பீல் கிடையாது. வேலைக்கார அம்மா திரும்பி வந்த பிறகும் பினாயில் மட்டும்தான். பினாயில் மணக்கும், உப்பை ஒன்றும் செய்யாது. அப்படியே இரண்டு வருடம் ஓடியதன் பலன்தான் அந்த 19 துளைகள்.

முதலில் புளியில் ஆரம்பித்தேன். அம்மா குத்துவிளக்கும் குடமும் புளி போட்டுத் துலக்கியதைப் பார்த்து வளர்ந்தவன். பித்தளைக் குழாய் ஒன்று பின்கட்டில் இருக்கிறது, அது நிஜமாகவே தங்கம் மாதிரி ஆகிவிட்டது. அதே தெம்பில் பாத்ரூம் சுவரிலும் பூசினேன். ஆகாது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் கரைக்கத்தான் செய்கிறது, ஆனால் கூடவே பழுப்புச் சாறு டைல்ஸ் இடுக்கில் இறங்குகிறது, சக்கை சாக்கடைச் சல்லடையை அடைக்கிறது, மறுநாள் காலையில் பார்த்தால் எறும்புகள் வரிசையாக வந்து விருந்து சாப்பிடுகின்றன. புளியைப் பித்தளையோடு நிறுத்திக்கொண்டேன்.

எலுமிச்சை நல்லதுதான். சித்திரை வெயிலில் ஒரு பழம் பத்து ரூபாய் விற்கும்போது அதைச் சுவரில் தேய்க்க எனக்கு மனம் வராது. பிழிந்த மூடிகளைச் சேர்த்து வைத்துக் குழாய்களில் தேய்ப்பதோடு சரி.

அடுத்து வினிகர். கடையில் வெள்ளை வினிகர் இரண்டு பாட்டில் வாங்கி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். 'சிந்தெட்டிக்' என்று அச்சடித்திருந்தது. அதாவது எதுவும் புளிக்கவில்லை, அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து அடைத்திருக்கிறார்கள். இயற்கை முறை என்று இணையத்தில் பாதிப் பேர் ஊற்றுவது இதைத்தான். அதில் தப்பில்லை, வேலை செய்கிறது. ஆனால் கல்லாகிப்போன உப்புக்கு நாலு சதவீத அமிலம் ரொம்பப் பொறுமை கேட்கிறது. வீடு முழுக்க ஊறுகாய்க் கம்பெனி வாடை வேறு.

கடைசியில் கை கொடுத்தது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள், கல்லுப்பை நுணுக்கியது மாதிரி இருக்கும். ஆசிட் என்ற சொல்லைக் கேட்டதும் மனைவி புருவத்தை உயர்த்தினாள். ஜாமிலும் சர்பத்திலும் போடுவதுதான் என்று சொல்லி நாக்கில் ஒரு துளி வைத்துக் காட்டிய பிறகே உள்ளே விட்டாள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. எலுமிச்சை உப்பு எலுமிச்சையிலிருந்து வருவதில்லை. பழைய வெங்காயத்தை உரிக்கும்போது தோலில் கருப்பாகப் பொடி ஒட்டியிருக்குமே, அந்த இனப் பூஞ்சைக்குச் சர்க்கரைப் பாகை ஊட்டித்தான் இன்று உலகத்துக்கு வேண்டிய சிட்ரிக் ஆசிட்டைத் தயாரிக்கிறார்கள். ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க வேதியியலாளர் 1917-இல் கண்ட வழி. அதுவரை பெரும்பாலும் இத்தாலிய எலுமிச்சையிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாத்ரூம் மூலையில் கருப்பாகப் படர்வதை விரட்டும்போதெல்லாம், உன் சொந்தக்காரன் ஒருத்தன் எவ்வளவு உபகாரமாக இருக்கிறான் பார் என்று சொல்லத் தோன்றும்.

சரி, ஷவருக்கு வருவோம். அதைக் கழற்ற முயன்று பார்த்தேன், மரை இறுகிப்போய் அசையவில்லை. இன்னும் திருகினால் சுவருக்குள் பைப் உடையும் என்று விட்டுவிட்டேன். அரை லிட்டர் ஆவின் கவர் ஒன்றைக் கழுவி, மேல் ஓரத்தை முழுசாக வெட்டினேன். கை பொறுக்கும் சூட்டில் ஒரு டம்ளர் தண்ணீர், அதில் சிட்ரிக் ஆசிட் ஒரு பெரிய ஸ்பூன் குவித்து. கவருக்குள் ஷவர் தலையை முக்கி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஸ்டூலை விட்டு இறங்குவதற்குள் நழுவி மொத்தமும் என் தலையில். கண்ணில் பட்டால் எலுமிச்சம்பழம் பிழிந்த எரிச்சல்தான், குறைவில்லை. இரண்டாவது தடவை ரப்பர் பேண்டுக்கு மேல் சணல் கயிறு போட்டுக் கட்டினேன், மூக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன்.

கட்டி ஒரு நிமிடம் ஆனதும் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டேன். சோடா பாட்டில் திறந்து வைத்தது மாதிரி மெல்லிய கிசுகிசுப்பு. கவருக்குள் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஊசிமுனைக் குமிழிகள் கோடாக ஏறின. சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயுவாகப் போவதுதான் அது. இருபது நிமிடத்தில் தண்ணீர் பால் கலங்கினது போல ஆனது. ஒரு மணி நேரம் கழித்து அவிழ்த்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, குண்டூசியால் நாலைந்து துளைகளைக் குத்தி, வால்வைத் திறந்தேன். நெல் குத்திய நொய் மாதிரி வெள்ளைத் துகள்கள் கொட்டின, பின்னாலேயே தண்ணீர். எண்ணினேன்: 41. அடுத்த வாரம் இன்னொரு கவர் கட்டியதும் 46. மீதி இரண்டும் எந்த ஜென்மத்திலும் திறக்காது போலிருக்கிறது, விட்டுவிட்டேன். முலாம் பூசிய ஷவரை ராத்திரி முழுக்க ஊற விடாதீர்கள். முலாம் எங்காவது ஏற்கெனவே உரிந்திருந்தால் அமிலம் அந்த வழியாக உள்ளே போகும்.

சுவருக்கும் இதே சூத்திரம்தான், சங்கடம் என்னவென்றால் சுவரில் ஊற்றியது நிற்காமல் ஓடிவிடுகிறது. கரைக்க நேரம் வேண்டும், ஓடுகிற தண்ணீருக்கு அந்த நேரமில்லை. கிழிந்த வேட்டியை ஒரு முழ அகலப் பட்டைகளாகக் கிழித்துக்கொண்டேன். ஒரு லிட்டர் வெந்நீரில் மூன்று பெரிய ஸ்பூன் போட்டுக் கரைத்து, துணியை நனைத்து, கறையின் மேல் போஸ்டர் ஒட்டுவது போல ஒட்டிவிட வேண்டியது. காற்றுக் குமிழி இல்லாமல் உள்ளங்கையால் நீவி விட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். முக்கால் மணி நேரம். உரித்துவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் கறை மாவாக இறங்கும். முதல் தடவை முழுசாகப் போகாது. எங்கள் வீட்டில் நாலு சனிக்கிழமை பிடித்தது. இரும்பு நார் போட்டால் சீக்கிரம் போகும்தான், ஆனால் டைல்ஸின் மினுமினுப்பில் கீறல் விழும், அடுத்த உப்பு அந்தக் கீறலில் முதலில் வந்து உட்காரும்.

இங்கே ஒரு சின்னச் சண்டை போட வேண்டியிருக்கிறது. சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் வினிகரை ஊற்று, பொங்கும், அழுக்கெல்லாம் போகும் என்று வீடியோவுக்கு வீடியோ சொல்கிறார்கள். பொங்குகிறது, உண்மை. பார்க்க நன்றாகவும் இருக்கிறது. ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு மிச்சமிருப்பது தண்ணீரும் கொஞ்சம் சோடியம் அசிட்டேட்டும். கணக்குக்காரன் பாஷையில், வரவு செலவு நேர், கையில் பூஜ்யம். சோடாவால் ஆகிற வேலையும் உண்டு, அமிலத்தால் ஆகிற வேலையும் உண்டு. தனித்தனியாகச் செய்ய விடுங்கள்.

எதற்கு எது என்பதுதான் எனக்குப் பிடிபட ரொம்ப நாளானது. வெள்ளையாகச் சொரசொரப்பாக இருப்பது உப்பு, அதற்குப் புளிப்பு வேண்டும். இடுப்பு உயரத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று ஒட்டியிருப்பது வேறு ஜாதி, அது சோப்பு. உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காதே, ஏன்? தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துக் கரையாத பிசுக்காக மாற்றிவிடுகிறது. அந்தப் பிசுக்குதான் சுவரிலும் வாளியிலும் அப்புகிறது. அதைக் கழுவ இன்னும் சோப்பு போட்டால் இன்னும் பிசுக்கு.

இந்த இடத்தில் எனக்கு அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஞாபகம் வந்தார். கிராமத்தில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு குளியல் கல். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தலைக்கு அரப்புதான், உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த தூள். கண்ணில் போனால் உயிர் போகும். எல்லோரும் குளித்து முடித்ததும் கிண்ணத்து அடியில் மிஞ்சிய அரப்பைக் கல்லின் மேல் கொட்டி, காலாலேயே தேங்காய் மட்டையை வைத்துத் தேய்ப்பார். எண்ணெய் வழுக்கல் இருந்த இடம் தெரியாது. அரப்பிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தருவது சபோனின் என்ற பொருள். அது சோப்பு மாதிரி கால்சியத்தோடு ஒட்டி உறவாடிப் பிசுக்காவதில்லை. உப்புத் தண்ணி ஊர்க்காரர்கள் அரப்பை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை.

அரப்பு டைல்ஸ் இடுக்கில் பச்சையாகத் தங்கிவிடும் என்பதால் நான் பூந்திக்கொட்டைக்கு மாறினேன். ரங்கே கவுடர் வீதியில் அரைக்கிலோ வாங்கினால் மாதக்கணக்கில் வரும். பன்னிரண்டு காய், கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் அரை லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டினால் தேன் நிறத்தில் ஒரு சாறு. இரண்டு நாளில் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம். (ஃபிரிட்ஜில் வைக்கும்போது பெயர் எழுதி ஒட்டுங்கள். பானகம் என்று நினைத்து ஒரு வாய் குடித்தவன் எழுதுகிறேன்.) வாளி, மக், பிளாஸ்டிக் ஸ்டூல், சுவரின் கீழ்ப்பாதி எல்லாவற்றுக்கும் இதுதான். எண்ணெய்க் குளியல் நாளில் மட்டும் சல்லடைக்குள் சலவைச் சோடா இரண்டு ஸ்பூன் போட்டு வெந்நீர் ஊற்றுவேன், எண்ணெயும் முடியும் சேர்ந்து கட்டியாகாமல் போய்விடும்.

பெங்களூரிலிருக்கும் மகள் போனில் சொல்லிக் கொடுத்தது பயோ என்சைம். தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பன்வோங் என்ற அம்மையார் பரப்பிய முறை என்றாள். இனிப்பு ஒரு பங்கு, பழத்தோல் மூன்று, தண்ணீர் பத்து, காத்திருப்பு மூன்று மாதம். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை 100 கிராம், ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிய சாத்துக்குடித் தோல் 300 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, சமையலறைப் பரணில் வைத்தேன். முதல் மாதம் தினம் ஒரு தடவை மூடியைத் தளர்த்தி வாயுவை விடச் சொல்லியிருந்தாள். மூன்று நாள் விட்டேன். நான்காம் நாள் அவளையே பார்க்க இருவரும் பெங்களூர் போய்விட்டோம், நினைவே இல்லை.

ஐந்து நாள் கழித்துக் கதவைத் திறந்தால் வீடு கள்ளுக்கடை மாதிரி மணக்கிறது. பாட்டில் உப்பிப்போய் மூடி பறந்து எதிர்ச்சுவரில் மோதியிருக்கிறது. பரணிலிருந்து மிக்ஸி மேல், மிக்ஸியிலிருந்து மேடை மேல், மேடையிலிருந்து தரை வரைக்கும் பழுப்பு ஒழுக்கு. அதன் இரு பக்கமும் கட்டெறும்பு. கண்ணாடி ஜாடியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. மனைவி பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "பாத்ரூமைக் கழுவறதுக்கு முன்னால சமையல்கட்டைக் கழுவுங்க."

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். மூன்று மாதம் கழித்து வடித்தால் தேநீர் நிறத்தில், புளிப்பும் ஆரஞ்சு மிட்டாயும் கலந்த வாசனையில் கிடைத்தது. என் அபிப்பிராயம்: இது தோல் வாசனை ஏறிய வினிகர்தான். சர்க்கரை முதலில் சாராயமாகி, அப்புறம் புளித்து அசிட்டிக் அமிலமாகிறது. கிருமியெல்லாம் செத்துவிடும், காற்று சுத்தமாகும் என்றெல்லாம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் குப்பைக்குப் போகிற தோல் உபயோகமாகிறது, டைல்ஸ் தரைக்கு ஒரு மக்குக்கு ஒரு மூடி வீதம் ஊற்றித் துடைத்தால் பினாயில் நெடி இல்லாமல் பளிச்சென்று இருக்கிறது, மனைவிக்கு இருமல் வருவதில்லை. போதாதா?

டாய்லெட்டுக்கு அது போதாது. கோப்பையில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பழுப்பு வளையம் படிகிறதே, அதுவும் பெரும்பாலும் உப்புதான். சிட்ரிக் ஆசிட்டை அப்படியே தூவினால் அங்கே நிற்கும் தண்ணீரில் கரைந்து நீர்த்துப்போகும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, பிரஷ்ஷால் தண்ணீரைக் குத்திக் குத்தி உள்ளே தள்ளிவிட்டு, வளையம் வெளியே தெரிந்ததும் மூன்று ஸ்பூனை வெந்நீரில் குழைத்து ஊற்றிவிட்டுப் படுத்துவிடுவேன். விளிம்புக்கு அடியில் கை எட்டாத இடத்துக்கு மறுபடியும் வேட்டித் துணி, திரி மாதிரி முறுக்கி. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பீங்கான் விரிசல் விடும். எங்களுக்கு செப்டிக் டேங்க். அதற்குள் கழிவை மட்க வைப்பவை பாக்டீரியாக்கள்; ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் தாராளமாக ஊற்றினால் முதலில் சாவது அவைதான். இந்த யோசனையை எனக்குக் கொடுத்தவர் டேங்க் லாரி ஓட்டுபவர். "ரெண்டு வருசத்துக்கொருக்கா என்னையக் கூப்புடறீங்க, என்னத்த ஊத்தறீங்க சார்?" என்று கேட்டார்.

கருப்புப் பூஞ்சைக்கு நான் கண்ட மருந்து, இருபது ரூபாய்க் கொக்கியில் தொங்கும் ஒரு கை வைப்பர். கடைசியாகக் குளிப்பவர் சுவரையும் தரையையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வர வேண்டும். தண்ணீர் காய்ந்து உப்பாவதற்குள் வழித்து விட்டால் உப்பும் இல்லை, ஈரம் இல்லாததால் பூஞ்சையும் இல்லை. இந்த ஒன்றைச் செய்ய ஆரம்பித்த பிறகு சிட்ரிக் ஆசிட் செலவே பாதியாகக் குறைந்தது. ஒரே பிரச்சினை, கடைசியாகக் குளிப்பவர் யார் என்பதில் எங்களுக்குள் தினமும் ஒரு பேச்சுவார்த்தை.

ஒரு சமயம் மட்டும் நான் என் விரதத்தை முறித்தேன். லீவுக்கு வந்த பேரனுக்கு வாந்தியும் பேதியும். அப்போது பூந்திக்கொட்டை, வேப்பிலை, என்சைம் எதையும் நம்பவில்லை. முதலில் வெறும் தண்ணீரால் எல்லா இடத்தையும் கழுவி அமிலத்தின் சுவடே இல்லாமல் செய்து, மனைவியை மாடிக்கு அனுப்பி, ஜன்னலையும் கதவையும் திறந்து, பிளீச்சிங் பவுடரை மட்டும் தண்ணீரில் கரைத்துத் துடைத்தேன். பத்து நிமிடம் விட்டுக் கழுவினேன். தினசரிச் சுத்தம் வேறு, நோய் வந்தால் செய்யும் சுத்தம் வேறு.

வேலைக்கு வரும் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வேட்டித் துணி வைத்தியத்தை அவருக்கு நான் பெருமையாக விளக்கியபோது, கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தானுங்க சார் இருக்குது. முக்கா மணி நேரம் ஊறோணும்ங்கறீங்க. எனக்கு இன்னும் மூணு வூடு இருக்குதுங்களே." எனக்கு வாயடைத்துவிட்டது. ஆசிட்டை அவர் ஆசைப்பட்டு ஊற்றவில்லை. கால் மணி நேரத்தில் முடித்தால்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும். ரிட்டயர் ஆன எனக்கு முக்கால் மணி நேரம் காசா பணமா?

இப்போது ஏற்பாடு இப்படி. சனிக்கிழமை ஏழு மணிக்கே நான் கரைசலைக் கலக்கித் துணியை ஒட்டிவிடுவேன். எட்டு மணிக்கு அவர் வரும்போது உரித்துத் தேய்த்துக் கழுவுவது மட்டும் பாக்கி, அதிலும் பாதியை நானே பண்ணிவிடுகிறேன். சம்பளத்தில் கை வைக்கவில்லை.

இந்த ஏற்பாடு தொடங்கிய புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, சுவருக்கே இவ்வளவு பலன் என்றால் தரைக்கு எப்படி இருக்கும் என்று ஈரத் துணி ஒன்றைத் தரையில் விரித்துவிட்டுத் தூங்கிவிட்டேன். எங்கள் பாத்ரூம் தரை 1987-இல் போட்ட மொசைக். சிமெண்ட்டில் பளிங்குச் சில்லு பதித்தது. பளிங்கும் சிமெண்ட்டும் சுண்ணாம்பு வர்க்கம், சுவரில் நான் கரைத்துக்கொண்டிருந்த கறைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அமிலத்துக்குக் கறை எது தரை எது என்று தெரியாது. காலையில் துணியை எடுத்தால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மினுமினுப்புப் போய், வெளுத்துச் சொரசொரவென்று ஒரு வட்டம். கடப்பாக் கல், மார்பிள் தரை வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். புளியோ எலுமிச்சையோ வினிகரோ என்சைமோ, அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பூந்திக்கொட்டைச் சாறோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா எட்டு மணிக்கு வந்து வட்டத்தைப் பார்த்தார். குனிந்து விரலால் தடவினார்.

"இதென்னுங் சார்? ஆசிட்டே ஊத்தி இத்தன வருசமாச்சு, தரைய நான் இப்படிப் பண்ணலீங்களே."

எப்படி என்று கேட்டேன்.

"செவுத்துல ஊத்தறதுக்கு முன்னாலயே தரைல ரெண்டு வாளி தண்ணிய ஊத்தி நனைச்சுப்போட்டுத்தானுங்க ஆரம்பிப்பேன். ஒழுகறது தண்ணியோட போயிருமுல்லீங்க."

பதினொரு வருடமாக அவர் செய்துகொண்டிருந்தது. நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வாளி இப்போது என் முறையிலும் முதல் வேலையாகச் சேர்ந்துவிட்டது. வட்டம் போகவில்லை, பாலிஷ் போடுபவரைக் கூப்பிட்டால் மொத்தத் தரைக்கும் போட வேண்டும் என்கிறார். அந்த அம்மா அன்றைக்கே பெரிய வாளியை நகர்த்தி அதன் மேல் வைத்துவிட்டுப் போனார். வாளி இன்னும் அங்கேதான் இருக்கிறது.